முடியாத கதைக்கும் மலரில் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் நத்தார் மலர்க் குழுவினருக்கும்,

வணக்கம். எங்கள் எழுத்து வட்டத்தின் ஆக்கங்களைச் சென்ற கிழமை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே சீட்டு: "பூரணப்படுத்தி அனுப்பவும்." மற்றவற்றை விடுகிறேன். ஒரு சீ.ஆர். கொப்பியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதை எழுதியவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அக்கா. 2009இல், இறுதிப் போரின்போது, வலைஞர்மடத்தில் தம்பியைத் தொலைத்தவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், மகனின் படத்தை மடியில் வைத்தபடி அவருடைய தாயும் இருந்தார். பதில் கிடைக்காமலே கண்ணை மூடினார். கதையிலும் ஒரு தாய் காத்திருக்கிறாள். அவ்வளவில் கொப்பி நின்றுவிடுகிறது. இதற்கு என்ன முடிவை எழுதச் சொல்கிறீர்கள்? நத்தார் இரவில் மகன் வாசலில் வந்து நிற்பதாக முடித்தால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னாராம். எந்த ஆணைக்குழுவும் கண்டுபிடித்துத் தராத பிள்ளையை ஒரே பந்தியில் கண்டுபிடித்துத் தர முன்வந்த அந்த நல்ல மனத்துக்கு நன்றி.

இப்போது அந்த அக்கா கதை எழுதுவதில்லை. முதற் பக்கத்தையே திரும்பத் திரும்பத் துப்புரவாகப் பிரதி எடுக்கிறார். ஓர் எழுத்துப் பிசகினாலும் தாளைக் கிழிக்கிறார். வட்டத்துக்கு வரும் பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டு, எழுதுவதற்கு முன்பே அழிறப்பரை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நோயிலிருந்து விடுபடத்தான் நாங்கள் வட்டத்தையே தொடங்கினோம். சனிக்கிழமை பின்னேரம் எழுதியது அரைப் பக்கமோ அரை வசனமோ, அதைப் பீடத்தின் அடியில் வைத்துச் செபித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். திருத்தம் பிறகு. மாற்கு நற்செய்தியில், பெத்சாய்தா என்ற ஊரில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் முதல் முறை தொட்டபோது, மனிதர்கள் அவருக்கு நடமாடும் மரங்களாகவே தெரிந்தார்கள். மங்கலாகத் தெரிந்ததை அவரும் மங்கலாகவே சொன்னார். அப்படிச் சொன்னதற்காக ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இன்னொரு முறை தொட்டார். அந்தப் பகுதியை வாசித்த மாலையில்தான் அக்கா முதன்முதலாகப் பேனையை எடுத்தார். அருள் மதிப்பெண் பார்த்து வருவதில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் நான் எத்தனை விளக்கம் கொடுத்தும் ஏறாதது, அன்றைக்கு ஏறியது.

அதை உங்கள் சீட்டு ஒரே நாளில் இறக்கிவிட்டது.

அதே மாற்கு நற்செய்தியின் கடைசிப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அது 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வெறுங் கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். அச்சத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். மாற்கு நம் பங்கில் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு சீட்டுப் போயிருக்கும். வேதாகமம் போதாது, மறைவல்லுநர் ஒருவரும் வேண்டும் என்றால், புனித தோமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலை 1273 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார். அடுத்த மார்ச்சில் இறந்தார். அந்த நூலைத் திருச்சபை இன்றும் படிக்கிறது.

பூரணம் பற்றி நாம் பேசுவதே வேடிக்கை. போரில் இடம்பெயர்ந்து, செட்டிக்குளம் முகாமில் தறப்பாளின் கீழ் பூசை கண்ட சனங்கள் நாங்கள். கூரை சரியில்லை என்று அன்றைக்கு நற்கருணை தர மறுத்தவர் எவருமில்லை. பூரணமானவர்கள் மட்டும் வரலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கும் வரிசையில் நிற்பதற்கு யார் மிஞ்சுவோம்? நம் மலரில் உண்மையிலேயே பூரணமாக இருப்பவை ஆசிச்செய்திகளும் வாழ்த்துச்செய்திகளும்தாம். சென்ற வருடத்தினதை இந்த வருடம் போட்டாலும், அனுப்பியவரே கண்டுபிடிக்க மாட்டார்.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முடியாத எழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கதை எந்த வரியில் நின்றதோ, அந்த வரியிலேயே நிற்க விட்டு அச்சிடுங்கள். கீழே "தொடரும்" என்று போட வேண்டாம். தொடருமா என்று அவருக்கே தெரியாது. அடுத்த வருட அறிவித்தலில் "பூரணமான ஆக்கங்கள் மாத்திரம்" என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள், அதற்கு மறுப்பில்லை. முடிவை மட்டும் கேட்காதீர்கள்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காவின் சம்மதத்தையும் வாங்கிவிட்டேன். மலர் அச்சகத்துக்குப் போவதற்கு முன்னர் ஒரு பதில் தந்தால், நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன். ஏழு பக்கம் வரும். இடம் போதாதென்றால், வாழ்த்துச்செய்திகளில் சிலவற்றைக் குறைக்கலாம்.

இப்படிக்கு,
எழுத்து வட்டத்தை நடத்தும் மறையாசிரியை,
கிளிநொச்சி