ஹாலோவீன் பற்றி நம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்

ரொறன்ரோ தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஒக்டோபர் வந்தால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஒக்டோபர் 31 ஹாலோவீன் இரவு, பழைய அயர்லாந்தின் துரூயிட் என்ற பூசாரிகள் 'சவ்வின்' என்ற மரண தெய்வத்துக்குக் குழந்தைகளைப் பலியிட்ட இரவு என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை வாசித்த ஒரு சின்னப் பிள்ளை, தினமும் தனக்குக் கையசைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி சொக்லேட்டை நீட்டியபோது தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. "அம்மா, அவா பிசாசையா கும்பிடுறவா?" என்று கேட்டது. பக்கத்தில் நின்றிருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

ஹாலோவீன் வேண்டாம் என்று சொல்ல சபைக்கு உரிமை உண்டு. இரத்தப் பூச்சும் பேய் முகமூடியும் எனக்கும் பிடிக்காது. ஆனால் சொல்லும் காரணம் உண்மையாக இருக்க வேண்டாமா?

சவ்வின் ஒரு தெய்வத்தின் பெயர் அல்ல. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நவம்பர் 1ஆம் தேதித் திருவிழா அது. முந்தின நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். மரண தெய்வக் கதை 18ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. குழந்தைப் பலி பற்றி ஒரு பழைய அயர்லாந்துக் கதை உண்டுதான். அதை எழுதி வைத்தவர்களோ, அந்த நாடு கிறிஸ்தவ நாடாகிப் பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த துறவிகள். அதை நேரில் கண்ட சாட்சிபோலப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா?

ஹாலோவீன் என்பது சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தின இரவு. அந்தத் திருநாளை நவம்பர் 1க்குத் திருச்சபை வைத்ததே சவ்வினை மூடி மறைக்கத்தான் என்றும் சொல்கிறார்கள். ஆனால் பழைய அயர்லாந்துத் திருச்சபை அந்தத் திருநாளை ஏப்ரல் 20இல் கொண்டாடியது. ரோமில் அது முதலில் மே 13. நவம்பர் 1 என்ற நாள் 800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் வழக்கத்துக்கு வந்து, 835இல் இன்றைய பிரான்சும் ஜெர்மனியும் அடங்கிய பிராங்க் பேரரசு முழுவதற்கும் ஆணையானது. வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் பழக்கத்துக்கும் கிறிஸ்தவ வேர் உண்டு. இங்கிலாந்தில் ஏழைகள் வாசலில் நின்று இறந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள், வீட்டுக்காரர் அவர்களுக்குச் சிறு அப்பம் கொடுப்பார்கள்.

சரி, புறஜாதி வேர் கொஞ்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பெண்களின் கழுத்தில் இருப்பது என்ன? புறாவும் சிலுவையும் பொறித்த தாலி. தாலி நமக்கு வேதாகமத்திலிருந்தா வந்தது? தைப்பொங்கலுக்கு சபை முற்றத்திலேயே பொங்கும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். அதுவும் ஒக்டோபர் 31, நவம்பர் 1, நவம்பர் 2 என்ற இதே மூன்று நாள்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 601இல் போப் கிரகோரியார் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்திலும் விக்கிரகங்களை அகற்றுங்கள், கோயில்களை இடிக்காதீர்கள், ஜனங்களின் விருந்துகளைக் கர்த்தருக்கென்று மாற்றுங்கள் என்றுதான் இருக்கிறது.

விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி கொரிந்துச் சந்தையில் விற்றபோது, மனச்சாட்சிக்காக விசாரித்துக்கொண்டிராமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றார் பவுல். பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமென்றால் தவிர்த்துவிடுங்கள் என்றும் அவரே சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்துப் பிரசங்கித்தால் எங்களுக்குப் போதும்.

ஆகவே, அடுத்த ஒக்டோபருக்கு முன் அந்தத் துண்டுப்பிரசுரத்தை நிறுத்திவிடுங்கள். மிட்டாய் வாங்கப் போவதா இல்லையா என்பதைப் பெற்றோரிடம் விடுங்கள். போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று மாலை சபையைத் திறந்து, 1517இல் அதே ஒக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர் வெளியிட்டு, திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த 95 நியாயங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். அந்த வகுப்பை நடத்த நான் வருகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை