தனியார் ஆஸ்பத்திரிகள் செலவை எழுத்தில் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுபவன் நான். அரைப் பெட்டி ஆணிக்கு விலை கேட்டாலும் எழுதி, சீல் அடித்துக் கொடுப்போம். எழுதிய விலை பிறகு கூடினால் வாங்க வந்தவரும் விடமாட்டார், முதலாளியும் என்னை விடமாட்டார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விலைப்பட்டியலைக் கடையில் காட்சிக்கு வைக்கவும் வேண்டும். ஆனால் என் மனைவிக்குப் பித்தப்பையை எடுக்கக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மொத்தம் எவ்வளவு முடியும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தர அங்கே ஆளில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். போனோம். வலி வந்த இரவு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். ஊசி போட்டு, ஸ்கான் எடுத்து, கல் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்களே. ஒரு சதம் வாங்கவில்லை. என் மாமியார் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோதும் காப்பாற்றியது அந்த வார்ட்தான், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் ஒப்பரேஷனுக்குக் கிடைத்த திகதி பல மாதங்கள் தள்ளி. அதற்குள் வலி திரும்பத் திரும்ப வந்தது, காய்ச்சலும் சேர்ந்தது. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்தால் ஆபத்து என்று சொன்ன பிறகு எந்தக் கணவன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணிப் பார்த்துவிட்டு விசாரணைக் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை முதலில் கேட்டது, "அங்கிள், இன்சூரன்ஸ் இருக்கா?" இல்லை என்றதும், "அப்ப டிபொசிட் கட்ட வேணும்." மொத்தம் எவ்வளவு என்றேன். "பெக்கேஜ் மூன்றரை லட்சம் அளவில வரும், சரியா சொல்ல ஏலாது." எழுதித் தாருங்கள் என்றதற்குச் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பில் 5 லட்சத்து 12 ஆயிரம். இங்கிலீஷில் மூன்று பக்கம். என் தொழிலே அதுதான் என்பதால் வரி வரியாக உட்கார்ந்து பார்த்தேன். பெக்கேஜ் என்றால் தியேட்டரும் கட்டிலும் மட்டுமாம். சத்திரசிகிச்சை நிபுணருக்கு வேறு, மயக்க மருந்து கொடுத்தவருக்கு வேறு. வெளியே எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியதற்கும் வேறு. அது எப்போதும் அனுப்புவதுதான் என்று தாதி சொன்னார். எப்போதும் அனுப்புவதென்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே. கையுறை ஐந்து இடத்தில் வருகிறது. "பொதுப் பொருட்கள்" என்று ஒரு வரி, எதிரே 18,400 ரூபாய். எங்கள் கடையில் நான் அப்படி ஒரு வரி எழுதினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் டொக்டர் போகலாம் என்று சொல்லியும் பில் போட்டு முடியப் பின்னேரமாகிவிட்டது. அந்தத் தாமதத்துக்கும் அரை நாள் அறை வாடகை எங்கள் தலையில்.

எதிர்பாராத சிக்கல் வந்தால் செலவு கூடும், அதை யார் மறுப்பார்? இவளுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. கூடிய தொகை முழுவதும் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த தொகை. எனக்கு மட்டும்தான் தெரியாது.

இன்சூரன்ஸ் உள்ளவருக்காகக் கம்பனி முன்கூட்டியே கேட்கிறது, கணக்குப் பார்க்கிறது, தேவையானால் தகராறும் பண்ணுகிறது. எங்களுக்காகக் கேட்க யாருமில்லை. கல் இருப்பது தெரிந்த பிறகு இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், ஏற்கனவே உள்ள வருத்தத்துக்கு இல்லை என்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மருத்துவத்துக்கு 30 வீதம் எடுக்க வழியிருக்கிறது, நான் அதை வீட்டு வேலைக்கு எடுத்து முடித்தாயிற்று. மூன்றரை லட்சத்துக்கென்று சீட்டுக்காசும் மகளின் காசும் சேர்த்து வைத்திருந்தோம். மிச்சத்துக்கு, மனைவி கட்டிலில் இருக்கும்போதே அவளுடைய சங்கிலியை அடகு வைக்கச் செட்டியார் தெருவுக்கு ஓட வேண்டியதாயிற்று. அவசரத்தில் போகிறவனுக்கு வட்டி பேச நேரமேது? ஐந்து லட்சம் என்று முதலே தெரிந்திருந்தால் கடையில் முற்பணம் கேட்டிருப்பேன், வேறு இரண்டு ஆஸ்பத்திரியிலும் விசாரித்திருப்பேன். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது, நல்ல காரியம். ஆனால் யாரிடம் உதவி கேட்டாலும் எவ்வளவு தேவை என்று காகிதத்தில் காட்டத்தானே வேண்டும்?

தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையும் இருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. திகதி குறித்துச் செய்யும் ஒப்பரேஷன் எதுவானாலும், டிபொசிட் வாங்குமுன் வைத்தியர்களின் கட்டணமும் பரிசோதனையும் உட்பட முழு மதிப்பீட்டை, நோயாளிக்கு விளங்கும் மொழியில், கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தியேட்டரில் என்ன நடந்தது என்று காரணம் எழுத வேண்டும். இதைப் பேரவை கட்டாயமாக்கட்டும். பில் பிந்தினால் அந்த வாடகை ஆஸ்பத்திரியின் கணக்கில் போகட்டும்.

மூன்று பக்கப் பில்லையும் நான் கோடிட்டு வைத்திருக்கிறேன். பேரவையிலிருந்து யாராவது கேட்டால் வேலை முடிந்து ஐந்து மணிக்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.