செயலாளரின் ஆண்டறிக்கை: எமது ஆய்விதழும் வெளியீட்டு நெறிமுறைகளும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபையினரே, பொதுச்சபை உறுப்பினர்களே,

அனைவருக்கும் வணக்கம். கடந்த பொதுச்சபைக் கூட்டத்துக்குப் பின்னரான காலப்பகுதியின் அறிக்கையை உங்கள்முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆய்வரங்குகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மாறி மாறி நடைபெற்றன. இவ்வாண்டின் தலையாய பணி எமது ஆய்விதழுக்கான வெளியீட்டு நெறிமுறைகளை எழுத்தில் கொண்டுவந்தது. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

வன்னியில் ஆய்வு செய்வோரின் வட்டம் சிறியது. கட்டுரையாளர், மதிப்பாய்வாளர், பதிப்பாசிரியர் மூவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவோ மாணவராகவோ உறவினராகவோ இருப்பது வழமை. விதி முன்னரே எழுதப்பட்டிருந்தால், ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பும்போது அதை ஆள்மேல் உள்ள கோபம் என்று எவரும் எடுத்துக்கொள்ள இடமிராது. 1997இல் பிரித்தானியாவில் இதழாசிரியர்கள் தொடங்கிய ‘கோப்’ எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டல்களை அடிப்படையாகக் கொண்டோம். முறைப்பாடு வந்தால் யாரிடம் முதலில் விளக்கம் கேட்பது, பதில் வராவிட்டால் எந்த நிறுவனத்துக்கு எழுதுவது என்பதெல்லாம் அதில் படிப்படியாக உண்டு.

முதலாவது பிணக்கு, யாருடைய பெயர் போடுவது என்பதில் வருகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை எல்லாத் துறைகளுக்கும் ஏற்றுக்கொண்டோம். ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க அல்லது ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதாலோ அனுமதிக் கடிதம் தந்தார் என்பதாலோ எவர் பெயரும் ஏறாது. அவர்களுக்குரிய இடம் நன்றியுரை. அதற்கும் அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதப்பட்டால், வழக்கமாக அந்த மாணவரே முதல் ஆசிரியர். மேற்பார்வையாளரின் பெயர் முன்னால் வந்து மாணவரின் பெயர் அடியோடு காணாமற் போவது பதவியுயர்வுப் புள்ளிகளால் வரும் நோய். ஆகவே கட்டுரையோடு ஒரு பங்களிப்புப் படிவமும் வரவேண்டும். யார் என்ன செய்தார் என்பதை, ‘கிரெடிட்’ வகைப்பாட்டின் 14 வகிபாகங்களின்படி எழுதி எல்லோரும் ஒப்பமிட வேண்டும். பின்னர் பெயர் சேர்க்க, நீக்க, வரிசை மாற்ற வேண்டுமாயின் விலக்கப்படுபவர் உட்பட அனைவரும் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும்.

களவெழுத்தைக் கண்டறிவதில் தமிழுக்கென்று தனிச்சிக்கல் உண்டு. எமக்கு வரும் கட்டுரைகளில் இன்னமும் பல, யுனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வருகின்றன. அந்த எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கும் அவையே தெரிகின்றன. இணையத்தில் யுனிகோட்டில் உள்ள மூலத்தோடு அவை பொருந்தமாட்டா. சொல்லுக்குச் சொல் பிரதி செய்த கட்டுரைகூட ஒப்புமை பூச்சியம் என்று சான்றிதழ் வாங்கிவிடும். ஆகவே முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, எழுத்துப்பிழை பார்த்து, அதன்பிறகே சோதிக்க வேண்டும். பீடிஎப் கோப்பும் உதவாது. அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கையில் கொம்பும் காலும் இடம்மாறிச் சொல் சிதைவதுண்டு. வேர்ட் கோப்பையே கேட்கிறோம்.

மென்பொருள் தரும் வீதத்தைத் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. உசாத்துணைப் பட்டியலும் மேற்கோள்களும் சேர்ந்து வீதத்தை உயர்த்தும். அவற்றை நீக்கிவிட்டு, பொருந்திய பகுதிகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். ஆய்வு முறையியலில் சில வரிகள் ஒத்திருப்பது வேறு, கலந்துரையாடல் பகுதியில் ஒரு பந்தி ஒத்திருப்பது வேறு. ஆங்கில ஆய்வேட்டைத் தமிழாக்கித் தன் பெயரில் அனுப்புவதையோ இவ்வகைச் சோதனை பெரும்பாலும் பிடிக்காது. துறையறிந்த மதிப்பாய்வாளரின் கண்தான் அதற்கு மருந்து. தன் சொந்த ஆய்வேட்டிலிருந்து எழுதுவதில் தவறில்லை. அதை அடிக்குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆசிரியராக முடியாது என்று கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொறுப்பேற்க அதனால் இயலாது. பயன்படுத்தியவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று எழுத வேண்டும். இக்கருவிகள் இல்லாத நூல்களை இருப்பதுபோல் உருவாக்கித் தருவதால், உசாத்துணைகளில் உள்ள டிஓஐ எனும் நிலையான இணைய அடையாள இலக்கங்களைத் திறந்து பார்க்கிறோம். பழைய ஈழத்து வெளியீடுகளுக்கு அந்த இலக்கம் இராது. அவற்றை ஈழத்து வெளியீடுகளின் மின்னூலகமான ‘நூலகம்’ இணையத்தளத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ தேடி உறுதிசெய்ய வேண்டும். மதிப்பாய்வாளரும் தமக்கு வந்த கட்டுரையை இக்கருவிகளில் ஏற்றக்கூடாது. அது இரகசியக் காப்பை மீறுவதாகும்.

மதிப்பாய்வு இருபக்கமும் பெயர் மறைத்தே நடக்கும். இரண்டு மதிப்பாய்வாளர், மூன்று வார அவகாசம். ஒருவராவது வட மாகாணத்துக்கு வெளியே இருப்பவர். முகப்பில் பெயரை நீக்கியும் கோப்பின் பண்புகளில் அது தங்கிவிடுகிறது. வேர்டில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதியால் அதையும் துடைக்க வேண்டும். “எனது முந்தைய ஆய்வில்” போன்ற வரிகளும் நன்றியுரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரே துறையில் பணியாற்றுவோர், மேற்பார்வை உறவுள்ளோர், உறவினர், கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்ந்து எழுதியோர் மதிப்பாய்வு செய்யக்கூடாது. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் பெயரை ஏற்கலாம். மின்னஞ்சலை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்த பின்பே அனுப்ப வேண்டும். போலி மதிப்பாய்வாளர் கணக்குகளால் சேஜ் பதிப்பு நிறுவனம் 2014இல் ஒரே இதழிலிருந்து, வெளியான 60 கட்டுரைகளைச் செல்லாதவை என அறிவித்து மீளப்பெற நேர்ந்தது.

இனி, எமது மண்ணுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான விடயம். 2009இன் பின்னர் வன்னியில் எத்தனையோ பேர் வந்து கேள்விக்கொத்து நிரப்பிப் போயிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஒரே துயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துவிட்டன. அவர்களின் சொற்களை அச்சேற்றும் இதழுக்குக் கடமை கூடுதல். நெறிமுறைக் குழுவின் அனுமதி, தரவு சேகரிப்புக்கு முன்னரே பெறப்பட்டிருக்க வேண்டும். அனுமதித் திகதியையும் களப்பணி தொடங்கிய திகதியையும் ஒப்பிடுகிறோம்; களப்பணி தொடங்கிய பின்னர் பெற்ற அனுமதி செல்லாது. கையொப்பம் வைக்க அஞ்சுவோர் இங்கு ஏராளம். அவர்களிடம் சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் பெறலாம். அந்த முறைக்கும் குழுவின் முன் அனுமதி வேண்டும். ஆசிரியர் தன் வகுப்பு மாணவரிடமே தரவு எடுத்தால் சம்மதத்தை வேறொருவர் கேட்க வேண்டும், ஏனெனில் புள்ளி போடுபவரிடம் பிள்ளை மறுப்புச் சொல்லாது.

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. கிராம அலுவலர் பிரிவு, வயது, இழந்த கால், தேடும் பிள்ளைகளின் எண்ணிக்கை நான்கும் ஒரு வரியில் வந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் அந்தத் தாய் யாரென்று தெரியும். ஆகவே இடத்தை மாவட்ட அளவில் நிறுத்துவது, வயதைப் பத்தாண்டு இடைவெளியில் தருவது, வாதத்துக்குத் தேவையற்ற அடையாளத்தை விடுவது என்று தீர்மானித்துள்ளோம். நோயாளரின் படமாயினும் வேறெவர் படமாயினும், கண்மேல் கறுப்புக் கோடு போடுவது போதாது. படத்துக்கெனத் தனிச்சம்மதம் வேண்டும்.

போலி இதழ்களைப் பற்றி இளைய உறுப்பினர் அதிகம் கேட்டனர். ‘சயன்ஸ்’ இதழ் 2013இல் வெளியிட்ட சோதனையில், வேண்டுமென்றே பிழைகளோடு எழுதப்பட்ட கட்டுரை 304 இதழ்களுக்கு அனுப்பப்பட்டு 157 ஏற்றுக்கொண்டன. சில நாட்களில் வெளியீடு என்ற வாக்குறுதி, ஏற்றபின் சொல்லப்படும் கட்டணம், கேள்விப்படாத தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவீடு) ஆகியவை அறிகுறிகள். ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குரிய எட்டு இலக்க அடையாள எண் மாத்திரமே, தரச்சான்று ஆகாது. ஆய்விதழ்களைத் தொகுத்துச் சுட்டும் தரவுத்தளமான ஸ்கோபஸில் உள்ளோம் என்று இதழ் சொன்னால் ஸ்கோபஸின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். இடைநிறுத்தப்பட்டவையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சரிபார்க்குமுன் பணம் கட்டவோ பதிப்புரிமைப் படிவத்தில் ஒப்பமிடவோ வேண்டாம். வெளியாகிவிட்ட கட்டுரையை நல்ல இதழுக்கு மீண்டும் அனுப்பமுடியாது.

தவறு பின்னர் தெரியவந்தால் திருத்தம், ஐயக் குறிப்பு (விசாரணை முடியும்வரை இடும் எச்சரிக்கை), மீளப்பெறல் என்று மூன்று வழிகள். தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் மீளப்பெற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெற்றோர் அஞ்சி ஊசியைத் தவிர்த்தனர்! தாமதம் கூடாது. மீளப்பெற்ற கட்டுரையை இணையத்திலிருந்து அழிக்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையிட்டு, யார், ஏன் மீளப்பெற்றார் என்ற அறிவித்தலை அடுத்த அச்சிதழிலும் வெளியிடுவோம்.

வெளியீட்டுக் கட்டணம் எதுவும் அறவிடப்படாது. இந்நெறிமுறைகளையும் பங்களிப்புப் படிவத்தையும், பதிப்பாசிரியர் குழுவினரின் சொந்தக் கட்டுரைகளை வெளியாள் ஒருவரே கையாள வேண்டும் என்ற பிரேரணையையும் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி.

செயலாளர்