ருவென்சோரி எப்படி உயர்ந்தது?

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உகாண்டாவின் கசேசேயில் வேலை பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அறை ஜன்னலில் தெரியும் ருவென்சோரி மலைத்தொடரும் கிளிமஞ்சாரோ மாதிரி எரிமலைதானே என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. கிளிமஞ்சாரோவும் கென்ய மலையும் எரிமலைக் குழம்பு கொட்டிக் குவிந்தவை. உயரத்தில் அவற்றுக்கு அடுத்து நிற்கும் ருவென்சோரி, 5,109 மீட்டர், நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை போன்ற பழம்பாறைகளால் ஆனது. அவற்றில் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. பூமிக்கு அடியில் ஆழத்தில் உருவான பாறை பனி உச்சிக்கு வந்த கதை, இத்தனை வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தும் எனக்கு அலுக்கவில்லை.

இமயமலை இரண்டு நிலத்தட்டுகள் மோதி எழுந்தது. நீ இருக்கும் இடத்தில் நடப்பது நேரெதிர். கிழக்கு ஆப்பிரிக்கா மெல்ல மெல்லப் பிளந்து விலகுகிறது. நிலம் இழுபட்டால் மேலோடு மெலியும், வெடிப்பு விழும், நடுப்பகுதி இறங்கும். ஆல்பர்ட் ஏரி, எட்வர்ட் ஏரி, இடையில் செம்லிகி சமவெளி எல்லாம் அப்படி இறங்கிய நிலம்தான்.

இறங்குகிற இடத்தில் மலை எங்கிருந்து வந்தது? வெடிப்புகள் செங்குத்தாக இல்லாமல் சாய்வாகப் போகின்றன. மேலே இருந்த பாறை அந்தச் சாய்வில் சரிந்து விலக, அடிப்பாறையின் மேலிருந்த பாரம் குறைகிறது. சரக்கை இறக்கினால் தோணி மேலே வருமே, அதுபோல அது எழும்புகிறது. ருவென்சோரி இன்னும் விசேஷம். வடக்கிலிருந்து ஒரு பிளவும் தெற்கிலிருந்து ஒரு பிளவும் நீண்டு வந்து, நடுவில் சிக்கிய பாளத்தை ஏறக்குறையத் துண்டாக்கிவிட்டன. ஆனாலும் இவ்வளவு உயரத்துக்கு அது மட்டும் போதாது என்பதே என் எண்ணம். பெரிய மலைக்கு அடியில் மேலோடு தடித்திருக்கும். இமயத்தின் கீழ் 70 கிலோமீட்டர் அளவு. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தபோது ருவென்சோரியின் கீழ் 30 கிலோமீட்டர்கூட இல்லை. நிலத்தட்டின் கனத்த அடிப்பகுதி கழன்று கீழே அமிழ்ந்துபோனதால் மேல்பகுதி விடுபட்டு எழுந்தது என்று சிலர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

காலத்தை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? அபடைட் என்ற கனிமத்தின் மணலளவு மணிகளில் யுரேனிய அணு பிளக்கும்போதெல்லாம் நுண்ணிய கீறல் விழும். 120 டிகிரிக்கு மேல் சூடிருந்தால் கீறல் மறைந்துவிடும். குளிர்ந்த பிறகு விழுந்தவை நிற்கும். அமிலத்தில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் எண்ணினால் பாறை குளிர்ந்த காலம் வரும். பல மாதிரிகள் பிளவு தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே குளிர்ந்திருந்தன. மேலே நிறையத் தேய்ந்திருந்தால், ஆழத்தில் அண்மையில் குளிர்ந்த பாறையே வெளியே வந்திருக்கும். அதாவது மலை எழுந்த வேகத்துக்கு மழையாலும் பனியாலும் அதைத் தேய்த்து முடிக்க இயலவில்லை. ஒரே பேரேரியாக இருந்தது சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆல்பர்ட், எட்வர்ட் என்று பிரிந்ததற்கும் இந்த எழுச்சியே காரணம் என்கிறார்கள்.

லீவு கிடைத்தால் ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து பண்டிபுஜோ போகும் சாலையில் போ. கீழே செம்லிகி சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டர் அளவில் கிடக்கும். மலை அதற்கு மேல் நாலாயிரம் மீட்டருக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கும்.

இன்னொன்று. இந்த எழுச்சி நிற்கவில்லை. 1966 மார்ச் 20 அன்று அந்தப் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீ இருக்கும் வீட்டுச் சுவரில் சுற்றிவர கான்கிரீட் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது. கட்டிலை அலமாரிக்குப் பக்கத்தில் போடாதே.

அன்புடன்,
அப்பா