முன் கண்ணாடியில் இலக்கம், வீதியில் மாடு

ஆசிரியருக்கு,

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கிய பிறகு, புது மாதிரிக் கார்கள் வன்னிக்கும் வருகின்றன. வேகமும் எச்சரிக்கையும் முன் கண்ணாடியிலேயே தெரிகிறவையும் அவற்றில் உண்டு. வெளிநாட்டு உயர்ரகக் கார்களில் வழிகாட்டும் அம்புக்குறி சுமார் 10 மீற்றருக்கு முன்னால், வீதியிலேயே கிடப்பதுபோலத் தெரியும். அந்த ஆசையில் எங்கள் பொடியள் வேக இலக்கத்தை முன் கண்ணாடியில் விழுத்திக் காட்டுகிற மலிவுப் பெட்டியொன்றை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டுகிறார்கள். என் பயம் அந்தப் பெட்டியில்தான்.

நான் புதுக்குடியிருப்பில் ஹயர் வான் ஓடுகிறவன். இரவில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பரந்தன் வீதியால் போவது வழமை. மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியில்தான் படுக்கும். கறுப்பு மாடென்றால், தலையைத் திருப்பினால் கண் மினுங்கும். திருப்பாவிட்டால் கிட்டப் போகும்வரை ஒன்றும் தெரியாது. பின் லைற் இல்லாத உழவு இயந்திரமும் அப்படித்தான்.

கூட்டாளி ஒருவரின் காரில் அந்தப் பெட்டி காட்டிய இலக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டாய்த் தெரிந்தது. கண்ணாடியின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது அது. கம்பனியிலேயே பூட்டி வரும் கார்களில், கண்ணாடிக்கு நடுவில் உள்ள படலத்தை மேலே தடிப்பாகவும் கீழே மெல்லிசாகவும் ஆப்புப்போலச் செய்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள். கிரவல் வீதியில் கல் பட்டு உடைந்து, சாதாரணக் கண்ணாடி மாற்றினால் அந்தக் காரிலும் இலக்கம் இரட்டிக்கும். கராஜ்காரர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கண் வீதிப் பக்கம்தானே இருக்கிறது என்பார்கள். இருந்தாலும் கவனம் எழுத்தில் நின்றுவிடும். 1980இல் நாசா வெளியிட்ட ஆய்வொன்றில், இதே மாதிரித் திரையைப் பார்த்துத் தரையிறங்கிய விமானிகளில் சிலர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற விமானத்தைக் காணவேயில்லை. அது பாவனை விமானத்தில் (சிமுலேற்றரில்) நடந்த சோதனை, இங்கே உயிர். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு வாகனம் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும்.

சில விலை கூடிய கார்களில் இருட்டில் மிருகத்தைக் கண்டு எச்சரிக்கிற கமரா உண்டு. அது எங்களுக்கு உதவும், வரட்டும். அதுவரை பெட்டி பூட்டியவர்கள் இரவில் வெளிச்சத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நிறுத்துங்கள். போக்குவரத்துப் பொலிசார் லைசன்ஸ் பார்க்கும்போது இந்தப் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள்.

ஹயர் வான் சாரதி,
புதுக்குடியிருப்பு