மேடைக்கு மஞ்சள் நட்சத்திரம் தைப்பவர்களுக்கு

நாஜி காலத்தை மேடையேற்றும் பள்ளி, கல்லூரி நாடகக் குழுக்களுக்கும் உடைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கதை போலந்தின் வார்சாவில் நடக்கும்; மேடையில் எல்லார் நெஞ்சிலும், யூதர் என்று அடையாளம் காட்ட நாஜிகள் கட்டாயமாக்கிய ஆறுமுனை மஞ்சள் நட்சத்திரம். இந்தப் பிழை ஓயவே மாட்டேன் என்கிறது. வார்சா யூதர்கள்மீது திணிக்கப்பட்டது வெள்ளைக் கைப்பட்டை. 1939 டிசம்பர் 1 முதல், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வலது கையில் அணிய வேண்டும். அகலம் குறைந்தது 10 செ.மீ., நட்சத்திரம் நீலம். சட்டையிலும் வேண்டும், மேல்கோட்டிலும் வேண்டும்.

பெர்லின் என்றால் மஞ்சள்தான். ஆனால் 1941 செப்டம்பர் 19-க்கு முந்தைய காட்சியில் வேண்டாம். 1938 நவம்பரில் யூத ஜெபாலயங்கள் எரிந்த இரவில் யார் மார்பிலும் அது இல்லை. ஆணைப்படி ஆறு வயதிலிருந்து, இடது மார்பில், உள்ளங்கை அளவு. நடுவே கறுப்பில் 'யூடெ' (ஜெர்மனில் 'யூதர்'). எபிரேய எழுத்தைப் போலி செய்யும் வளைவுகளோடு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 1942 மே முதல் 'யோட்' (டச்சில் அதே சொல்). ஹங்கேரியில் 1944 ஏப்ரலில் வந்ததில் எழுத்தே கிடையாது.

இனி துணி. ஓரம் பிரியாது என்று எல்லாரும் ஃபெல்ட்டை (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) நறுக்குகிறார்கள். அசல், மஞ்சள் நெசவுத் துணியில் கறுப்புக் கோடாக அச்சடித்து வந்தது. மெல்லிய பருத்தி எடுங்கள், சாட்டின் மினுக்கும். கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. விட்டு வெட்டி உள்ளே மடியுங்கள். ஆறு உள்மூலைகளிலும் கோட்டுக்குச் சற்று முன்வரை கத்தரியால் கீற வேண்டும். கீறாவிட்டால் மடிப்பு சுருங்கும். கோட்டைத் தாண்டினால் மூலை பிரியும். முனைகளில் துணி தடிக்கும், நுனியை நறுக்கிவிட்டு மடியுங்கள்.

தயவுசெய்து ஊக்கு குத்தாதீர்கள். கெட்டியாகத் தைக்க வேண்டும் என்பதே ஆணை. ஜெர்மனியில் ஆணையை மீறினால் 150 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) வரை அபராதம் அல்லது ஆறு வாரம் வரை சிறை. நெதர்லாந்தில் ஆளுக்கு நான்கு நட்சத்திரம், ஒன்று நான்கு சென்ட், கூடவே துணி ரேஷன் கூப்பன் ஒன்று. காசும் கூப்பனும் கொடுத்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து தாங்களே தைத்தார்கள். வசனமே இல்லாமல் அந்த ஊசியையும் நூலையும் மேடையில் காட்டலாமே. நான்குக்கு மேல் உடை இருந்தால் ஒன்றிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைக்க வேண்டும். பழைய கோட்டில் ஊசித் துளைகளை விட்டுவையுங்கள்.

டென்மார்க் மன்னர் யூதர்களுக்கு ஆதரவாக நட்சத்திரம் அணிந்து குதிரையில் வந்தார் என்று எழுதிவிடாதீர்கள். அது கட்டுக்கதை, அங்கே நட்சத்திரம் கட்டாயமாக்கப்படவே இல்லை.

திரை விழுந்ததும் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி வையுங்கள். அதை அணிந்தபடி செல்ஃபி எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இப்படிக்கு,
உடை வரலாறு படிக்கும் சிலர்