மியூராவும் உங்கப்பாவின் ஹெரால்டும்

அன்புள்ள சேகர்,

பொங்கல் வாழ்த்து அனுப்பியதோடு சரி, அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. பெரியவள் இத்தாலியில், டூரினில் படிப்பை முடித்தாள். பட்டமளிப்புக்கு எங்களை வரவழைத்தாள். அந்தக் கதையைச் சாந்தி உன் வீட்டில் விலாவாரியாகச் சொல்லுவாள். நான் எழுத வந்தது வேறு.

லம்போர்கினி மியூரா காரைப் பார்த்துவிட்டேன்டா.

பொலோனியாவுக்குப் பக்கத்தில் சாந்தாகட்டா என்று ஒரு சிற்றூர். லம்போர்கினி தொழிற்சாலையும் அவர்களுடைய மியூசியமும் அங்கேதான். உள்ளே இருந்ததைப் பார்த்ததைவிட, வெளியே வரும்போது வாய்த்ததுதான் பெரிசு. யாரோ ஒரு பெரியவர் தன் ஆரஞ்சு நிற மியூராவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என் இடுப்புக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான் உயரம். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் திறந்து காட்டினார். மூக்கு மொத்தமும் முன்னால் சாய்கிறது, முதுகு மொத்தமும் பின்னால் சாய்கிறது. நடுவில் ஆள் உட்காரும் கூடு மட்டும் நிற்கிறது. சீட்டுக்குப் பின்னால், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், குறுக்காகப் படுத்திருக்கிறது பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின். ஸ்டார்ட் செய்தால் முதலில் கேட்பது உறுமல் இல்லை; நாலு தையல் மிஷின் சேர்ந்து ஓடுகிற சத்தம். அப்புறம் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார் பார், சாந்தி இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்த எஞ்சினைக் குறுக்கே போடலாம் என்று யாருக்குத் தோன்றும்? லம்போர்கினியின் எஞ்சினியர்கள் டல்லாரா, ஸ்டன்ஸானி, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், மூவருக்கும் அப்போது முப்பது ஆகவில்லை. குட்டி மினி காரில் எஞ்சின் குறுக்கே படுத்திருப்பதைப் பார்த்து, அதையே இங்கே செய்தார்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்! முதலாளி ஃபெருச்சோ லம்போர்கினிக்கு ரேஸ் மாதிரி வண்டியில் ஆசையே இல்லை. சரி, விளம்பரத்துக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டார். 1965 கடைசியில் டூரின் கண்காட்சியில் பாடி இல்லாமல் வெறும் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வைத்தார்கள். அதற்கே ஆர்டர் வந்தது. அடுத்த மார்ச்சில் ஜெனீவாவில் முழு வண்டி.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் டேங்க் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல் தீரத் தீர முன்பக்கம் லேசாகி, வேகத்தில் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து தீப்பிடித்த மியூராக்களும் உண்டு. ஓட்டுகிறவனை வதைக்கிற வண்டிதான். இருந்தாலும் அதைவிட அழகான கார் பூமியில் செய்யப்படவில்லை. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

நீ ஹாஸ்டலில் தலைமாட்டில் படம் ஒட்டிவைத்திருந்த இன்னொரு லம்போர்கினி, கவுன்டாஷும் மியூசியத்துக்குள் இருந்தது. நியாயமாகச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கும் மூச்சு நின்றது. ஆனால் பின்னால் எதுவும் தெரியாமல், கதவைத் தூக்கி, வாசற்படியில் பாதி உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுக்க வேண்டிய வண்டியை மெஸ்ஸில் தட்டைத் தட்டி ஆதரித்தாயே! இதில் வேடிக்கை, இரண்டையும் வரைந்தது பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த அதே மார்செல்லோ காண்டினிதான். மியூராவை வரையும்போது அவருக்கு 27 வயது. 2024 மார்ச்சில் தன் 85ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார். அவருக்காகவாவது நாம் சண்டையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டாம், வேறென்ன பேசுவோம்.

இப்போது விஷயம். மூர்த்தி போனில் சொன்னான், உங்கப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் காயலான் கடைக்கு விலை பேசிவிட்டாயாம். முன்பணமும் வாங்கிவிட்டாயாம்.

அந்தப் பெரியவர் மூக்கைத் திறந்தபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கப்பா ஹெரால்டின் பானெட்டை, மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்த்து, அப்படியே முன்னால் கவிழ்த்துவிட்டு, முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பிளக் துடைப்பார். நாம் தொடக்கூடாது, பார்க்கலாம். வண்டலூர் பக்கத்தில் செய்த வண்டிதான், ஆனால் அதை வரைந்தவர் மிக்கெலோட்டி, சுத்தமான டூரின்காரர். அதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான், இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த டிரயம்ப்காரர்கள் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1965இல் லெ மான் இருபத்துநாலு மணி நேர ரேஸில் ஸ்பிட்ஃபயர் தன் பிரிவில் ஜெயித்தது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணனைத்தான் நீ எடைக்குப் போடப் போகிறாய். சோழவரம் ரேஸுக்கு நம்மைக் கூட்டிப்போன வண்டி அது. பழைய விமான ஓடுதளம், வைக்கோல் கட்டுகள், வெயில். உங்கப்பா ஒவ்வொரு வண்டியின் பெயரையும் சத்தத்தை வைத்தே சொன்னார்.

இடம் அடைக்கிறது என்று மூர்த்தியிடம் சொன்னாயாம். அந்த ஷெட்டில் ஒரு மாட்டுப்பண்ணையே வைக்கலாம், என்னிடம் அந்தக் கதை வேண்டாம். அப்பா போனதிலிருந்து நீ அந்தப் பக்கமே போவதில்லை என்று தங்கச்சி முன்பே சொன்னாள். அதைப் பற்றிப் பேச உனக்கு வராது, எனக்கும் வராது. ஆனால் வண்டி போய்விட்டால் அந்தக் கனம் குறையும் என்று நினைக்காதே. எங்க வீட்டு ஸ்கூட்டர் விஷயத்தில் எனக்குக் குறையவில்லை.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். எடைக்கு அவன் தருவதற்கு மேலே நான் தருகிறேன். வண்டி உன் ஷெட்டிலேயே நிற்கட்டும். எனக்கு இடமில்லை, இருந்தாலும் சாந்தி விடமாட்டாள். முதலில் டயரில் காற்று இருக்கிறதா பார், பெட்ரோல் டேங்கைக் காலி செய், எலி எந்த ஒயரைக் கடித்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடு. உதிரி பாகம் தேடுவது என் பொறுப்பு. மூர்த்தி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் எப்படியும் வருகிறோம், அதற்குள் அந்த ஆளுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன்,
ரகு